முந்திரித் தோடும் வாடகை வீட்டு இன்சூரன்சும்

கந்தர்வக்கோட்டை

அன்பு மகன் செந்தமிழனுக்கு அம்மா எழுதுறது. இங்கிட்டு நானும் ஒங்க அக்கா வீட்டாரும் நல்லபடியா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் மருமக சத்யாவும் பேத்தி இசைவாணியும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு திருக்கோகர்ணத்து அம்மனை நெனச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன். மொதல்ல சந்தோஷமான சேதி. ஒங்க அக்கா மக இனியா நர்சிங்குல காலேஜுக்கே மொத ஆளா பாஸ் பண்ணிட்டா, தஞ்சாவூர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, ஆடி கழிஞ்சு போய்ச் சேரணும். அவ தம்பி அஜித் கபடியில ஜில்லா கப்பு வாங்கியாந்து டிவிக்கு முன்னாடி வச்சிருக்கான், இப்ப பாதிப் படம் கப்புக்குப் பின்னாடிதான் ஓடுது, யாரும் எடுக்கக்கூடாதாம். நம்ம இசைவாணி நீச்சல்ல மெடல் வாங்கினதா சத்யா சொன்னதுலேருந்து பால்காரர் வரைக்கும் சொல்லிட்டேன், அவரு அங்க எந்தக் கொளம்னு கேக்குறாரு. அஞ்சாங்கிளாசோட நின்ன எனக்கு இப்படிப் பேரம்பேத்திகன்னு தெருவுல நிமிந்துதான் நடக்குறேன், கண்ணு பட்டா படட்டும், சுத்திப் போட்டுக்கலாம்.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னு வச்சிடுற, அதான் எழுதுறேன், நிதானமாப் படி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நீ கட்டின வாடகை வீட்டுக்கு பேங்க் லோன் இருந்த வரைக்கும் அவங்களே இன்சூரன்சும் போட்டு வச்சிருந்தாங்க. லோன் முடிஞ்சதோட அதுவும் முடிஞ்சு போச்சு. இனிமே நாமதான் கம்பெனி பாத்துப் போடணும். நீ இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருக்கிற ஒன் சின்னம்மா மகன் அருள்மணிகிட்டக் குடுத்துருன்னு சொன்ன, நானும் கூப்பிட்டு விட்டேன். அவன் வந்தான், காப்பி குடிச்சான், குடியிருக்கிற வீடுன்னு மட்டும் எழுதிக்கிறேன் பெரியம்மா, கொறஞ்ச காசுல முடிஞ்சுரும்னான். அங்க குடியிருக்கிற ராசாத்தியும் அவ புருசன் ராக்கனும் பின்பக்கம் தகரக் கொட்டகையில முந்திரி வறுத்து ஒடைக்கிறாங்களேப்பா, அதை எழுத வேணாமான்னு கேட்டேன். அதெல்லாம் எழுதினா காசு கூடும், யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா, வாயை மூடிக்கிட்டு இருங்க போதும்னு சிரிச்சான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல.

ஏன்னா பங்குனியில அடுத்த தெரு பெரியகருப்பன் மாமாவோட வாடகை வீடு எரிஞ்சது ஒனக்குத் தெரியும். அங்கயும் முந்திரி வேலைதான், ஒடைச்ச தோட்டைச் சுவரோரமாக் குவிச்சு வச்சிருந்தாங்க. அந்தத் தோட்டுல எண்ணெய் இருக்கு, தீப்பிடிச்சா தண்ணிக்கும் அடங்காது. பாவம், கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டு, குடியிருக்கிற வீடுன்னுதானே சொன்னீங்க, வறுக்கிறதைச் சொல்லவே இல்லையேன்னு கையை விரிச்சுட்டான். வாடகை வருமானமும் போயி மாமா இன்னும் மக வீட்டுலதான் இருக்காரு. அவரையே போய்க் கேட்டேன். மூக்காயி, பணம் கட்டும்போது எல்லா கம்பெனியும் மாப்பிள்ளை மாதிரிதான் சிரிக்கும், எரிஞ்சப்பறம் யாரு போனை எடுக்குறாங்கறதைப் பாருன்னாரு.

அதையே பிடிச்சுக்கிட்டேன். பொண்ணு கொடுக்கிற எடத்தைப் பத்தி அந்த வீட்டு ஆளுககிட்டயா விசாரிப்போம்? அக்கம்பக்கத்துல வாழ்ந்தவங்ககிட்டத்தானே கேப்போம்? அதே மாதிரி ஏஜெண்டுகளை விட்டுட்டு, நஷ்டப்பட்டுப் பணம் வாங்கினவங்களைத் தேடிப் போனேன். கஜா புயல்ல கூரை போன அரவை மில்லுக்காரர் சொன்னாரு, விராலிமலை ரோட்டுல தீப்பிடிச்ச டயர் கடைக்காரரு சொன்னாரு. ஆள் வந்து பாத்தாங்களா, அலைய விட்டாங்களா, சொன்ன பணம் வந்துச்சான்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனியைத்தான் சொன்னாங்க. இனியாவும் செல்லுல தட்டி, நஷ்டப் பணம் கேட்டவங்கள்ல எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனி குடுத்திருக்குன்னு பாத்தா, அதுலயும் இது நல்லாத்தான் இருக்கு. அப்பவும் நம்பாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க நம்பருக்குப் போன் போட்டுப் பாத்தேன். அருள்மணி கம்பெனி நம்பர்ல ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, வச்சிட்டேன். இவங்ககிட்ட ஒரு மனுசன் எடுத்து, சொல்லுங்கம்மான்னாரு.

புதுக்கோட்டை ஆபீசுலேருந்து பிரகதீஸ்வரின்னு ஒரு பொண்ணு வந்து வீட்டைப் பாத்துச்சு. நான் மறைக்காம எல்லாத்தையும் காட்டினேன். அந்தப் பொண்ணு, வாடகைக்கு விட்ட வீடுன்னும், முந்திரி வேலை நடக்குதுன்னும் ரெண்டையும் எழுதித்தான் போடணும், காசு கொஞ்சம் கூடும், ஆனா நாளைக்குப் பேச்சு வராதுன்னுச்சு. வீடு எரிஞ்சு வாடகை நின்னா அதுக்கும் சேத்துப் போடலாமாம். ராசாத்தி சாமானுக்கு மட்டும் நம்ம இன்சூரன்ஸ் சேராது, அவதான் தனியாப் போட்டுக்கணுமாம், அதையும் அவகிட்டச் சொல்லிட்டேன். தோட்டைச் சுவரோரம் வைக்கக்கூடாது, கொட்டகையைத் தள்ளிப் போடணும்னுச்சு. ராக்கன் முகத்தைத் தூக்கிக்கிட்டான், ஆனா ராசாத்தி, ஏன் நின்னுக்கிட்டே இருக்க, கடப்பாரையை எடு, புள்ளைகளும் இந்தச் சுவருக்குள்ளதானே படுத்துக் கெடக்குன்னு ஒரு சத்தம் போட்டா, அன்னைக்கே பிரிச்சுட்டான்.

அருள்மணி கேள்விப்பட்டு வந்து, ஏன் பெரியம்மா நான் என்ன வேத்து ஆளான்னான். வேத்து ஆளா இருந்தா பணம் வரலைன்னா வாசல்ல நின்னு சண்டை போடுவேன், நீ தங்கச்சி மகன், ஒன்கூட நான் எப்படிடா சண்டை போடுறதுன்னேன். அவன் காப்பி கூடக் குடிக்காமக் கெளம்பிட்டான். ஒன் சின்னம்மா எனக்குப் போன் பண்றதை நிப்பாட்டிட்டா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பேசுறவ, மனசுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

இப்ப எல்லாம் ஒன் கையில. வீடு ஒன் பேர்ல, நீ சம்மதம்னு மெயில் போட்டாத்தான் அந்தப் பொண்ணு மேக்கொண்டு பாக்கும். நீ ஆளைக் காலி பண்ணச் சொல்லிட்டா காசு கொறையும்னு சொல்வ. வேணாம்பா. மாசம் தவறாம வாடகை குடுக்கிறவங்க, அவங்க பொழப்பே அதுதான், அதைச் சொல்லியே பத்திரமா இருக்க முடியும்போது எதுக்குத் தொரத்தணும்? அருள்மணிக்கும் நீயே ஒரு போன் போடு. அம்மா பேச்சைக் கேட்டுட்டேன்டா தம்பின்னு பழியை எம்மேல போட்டுரு, நான் தாங்கிக்குவேன், நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்துறக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, சத்யாவை வேலை வேலைன்னு அலைய விடாத. மூணு பேரும் நூறு வருசம் நல்லா இருக்கணும். மெயில் போட மறந்துறாத, மழைக்காலத்துக்கு முன்னாடி முடிச்சிரணும். ஆபீசுல கேட்டாங்கன்னு இனியா வீட்டை நாலா பக்கமும் போட்டோ எடுத்தா, எனக்கும் பிரிண்டு போட்டுக் குடுத்தா, ஒரு செட்டு இதோட வச்சிருக்கேன். கொட்டகை தள்ளிப் போட்டது, சுண்ணாம்பு உதுந்த எடம் எல்லாம் தெரியும். ஒன் வீடு எப்படி இருக்குன்னு ஒனக்கு அனுப்பிட்டேன். நீ எப்படி இருக்கன்னு எனக்குத்தான் தெரியல, போன்ல கழுத்துக்கு மேலதான் தெரியுற. மூணு பேரும் சேந்து நின்னு, கால் வரைக்கும் விழுற மாதிரி புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடுப்பா.

இப்படிக்கு
ஒன் அம்மா
மூக்காயி