நீல டப்பா கம்மல்

காலடிப்பேட்டை, வியாழக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். நேற்று வேலை விட்டு வந்ததும் கம்மல் செய்ய நீல ஷாம்பூ டப்பாவை வெட்டி இஸ்திரிப்பெட்டியால் உருக்கினேன். அதை அணைக்காமலே குழாயடிக்குப் போய்விட்டேன். நாற்றம் வந்ததும், "உரக் கம்பெனில கேஸ் வுட்டுட்டான், ஓடு" என்று யாரோ கத்த, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். பாதி வழியில்தான் அது என் அறையின் நாற்றம் என்று புரிந்தது. ஆனாலும் கூட்டத்தோடு ஓடிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தபோது, வீட்டுக்கார குணசுந்தரி அக்கா என் மாடி அறையிலிருந்து இருமிக்கொண்டே இறங்கினார். கையில் கருகிய இஸ்திரிப்பெட்டி.

"நீ உள்ளாற கீறேன்னு நெனச்சி ஏறுனேன்" என்றார். தெருவில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

காலியான நீல டப்பாக்களை எறியாமல் அனுப்புங்கள், முதல் ஜோடி அக்காவுக்குத்தான். கூடவே கொஞ்சம் சுக்குக் கருப்பட்டியும் வேண்டும், கடிதம் கிடைத்ததுமே பார்சல் போடுங்கள். அவருக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை.

வேலைக்கு நேரமாகிறது.

மகள்,
ஜெபசெல்வி