ரொம்ப முடியலை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை. நேற்று நம் வீட்டில் ஒரு பெரிய தீர்மானம் நிறைவேறியது. உன் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பாலை அரை லிட்டராகக் குறைக்கலாம் என்று அப்பா முன்மொழிந்தார், என் தம்பி வீட்டுக்கு வந்ததும் முதலில் காப்பிதான் கேட்பான் என்று நான் எதிர்த்தேன், நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு லிட்டரே தொடர்வதென்று முடிவாயிற்று. எங்கள் குழு கதவைச் சாத்திக்கொண்டு கூடுவதில்லை.

ஆஸ்பத்திரிக் குழு வேறு மாதிரி. மாமாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிக் கல்லீரல் கைவிட்டதும் நீதான் போனில் சொன்னாய், ரொம்ப முடியாதவங்களுக்குத்தான் முதல்ல மாத்தி வெப்பாங்கம்மா என்று. அதே வேலையைச் செய்கிற டாக்டர் நீ, நம்பினேன். அன்றிலிருந்து வருகிற டாக்டரிடமெல்லாம் ரொம்ப முடியலை, ரொம்ப முடியலை என்று ஓதினேன். அவங்க வர்ற நேரத்துல சிரிச்சுத் தொலைக்காதேடா என்று தம்பியையும் மிரட்டினேன். அக்கா, நடிக்கக்கூட முடியலையே என்றான். அப்போதும் நர்சுகளிடம், எங்க வீட்டு டாக்டரம்மா இருக்கா, எனக்கென்ன என்று உன்னைப் பற்றி அவனுக்குப் பெருமை. பிறகு நினைவு தப்பியது, சிறுநீரகமும் வேலையை நிறுத்திக்கொண்டது, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நான் மடச்சி, தம்பி வரிசையில் முன்னேறிவிட்டான் என்று நினைத்தேன்.

முடியாமையிலும் ஒரு கோடு உண்டாம், தாண்டினால் வரிசையே கிடையாதாம். சொன்னவர் அறுவை டாக்டர். தானமா ஒரு கல்லீரல் வந்தப்போ உங்க பொண்ணுகிட்டயும் கருத்து கேட்டோம், ஆபரேஷனை இவர் தாங்க மாட்டார், பக்கத்துப் படுக்கைக்கே வெச்சிடுங்கன்னு தெளிவா சொன்னாங்க, நல்லா வளர்த்திருக்கீங்க என்று பாராட்டினார். நன்றி சொன்னேன், வேறென்ன சொல்ல. அவருக்கு அதைச் சொன்ன அன்று சாயங்காலம் நீ என்னிடமும் பேசினாய், உன் வாஷிங் மெஷின் பழுதானதைப் பற்றி, விவரமாக. உன் கணிப்பு சரியாகவே இருக்கும், படித்தவள். நான் மட்டும் அதற்குப் பிறகும் அவன் காதருகே குனிந்து, வந்துடும்டா, பொறுத்துக்கோடா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்லீரல் பக்கத்துப் படுக்கை பஸ் டிரைவருக்குப் போயிற்று. கண் விழித்துவிட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க தம்பிக்கும் சீக்கிரம் கெடைக்கும்க்கா என்றாள். நல்ல மனிதர்கள், நன்றாக இருக்கட்டும்.

நீயும் நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. மெஷினைப் பார்க்க ஆளை வரச் சொல். இனி எந்த அக்காவிடமாவது பேசும்போது, கோடு ஒன்று இருப்பதையும் சேர்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: இன்று காலை பால்காரரிடம் இனி அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டோம்.