மே எட்டாம் தேதிக்கு நான் வரவில்லை

குன்சான்,
ஏப்ரல் 19

மகன் தே-சிக்குக்கு அம்மா எழுதுவது.

என் காலைப் பற்றி நீ பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாய். சியோல் மருத்துவமனைப் படிவத்தில், பாதம் மரத்துப்போகிறதா, எரிகிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தது நீதான். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து ஒரு பெண் போன் செய்து, என் பதில்களை எனக்கே வாசித்துக் காட்டினாள். "எல்லாம் சரிதானேம்மா?" என்றாள். சரியில்லை என்றேன்.

மே எட்டு பெற்றோர் தினத்துக்கு மற்ற பிள்ளைகள் கார்னேஷன் பூ கொடுப்பார்கள். நீ என் காலில் புடைத்த ரத்தக்குழாய்களை லேசரால் சுட்டு மூட நாள் குறித்துப் பரிசாகத் தருகிறாய். நல்ல மனதோடுதான் செய்தாய், தெரியும். ஆனால் ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, "அதை எழுதினா இன்னும் நாலு டெஸ்ட்டும்பாங்க, எட்டாம் தேதி போயிடும். எல்லாரும் பண்ணிக்கிறாங்க, உங்களுக்கு மட்டும் என்னம்மா பயம்?" என்றாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வருடம் பொதுக் குளியலறையின் ஈரத் தரையில் நின்று பெண்களுக்கு முதுகு தேய்த்தவள் நான். சர்க்கரை உள்ளவர்கள் கொதிக்கும் தொட்டியில் இறங்கி, தோல் சிவந்த பிறகும் "வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்பார்கள். இன்று நானும் அவர்களில் ஒருத்தி. ஜனவரிக் குளிருக்குச் சூடேற்றிய வீட்டுத் தரையில் படுத்திருந்தபோது குதிகால் வெந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. காலையில் வந்த, குளியலறையில் என்னோடு வேலை பார்த்த பொக்-சூன், "அக்கா, கிம்ச்சி சாறைக் கொட்டி மிதிச்சீங்களா? தரையெல்லாம் சிவப்பா இருக்கே!" என்று கத்திய பிறகுதான் கொப்புளம் உடைந்து ரத்தம் வழிந்த காலைப் பார்த்தோம். ஆற ஏழு வாரம் ஆனது. பிப்ரவரியில், சந்திரப் புத்தாண்டன்று உன்னிடம் சொன்னேன். களிம்பு போடச் சொல்லிவிட்டு, நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிப் பேசினாய்.

போன வியாழக்கிழமை நானே இங்குள்ள மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிய பிறகுதான் எழுந்தேன். "பரீட்சை எழுதப் போறீங்களாம்மா?" என்று சிரித்தார். "ஃபெயிலானா கால் போயிடுமே" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நோட்டில் இருப்பது இது: மாலையில் கால் கனப்பதும் வீங்குவதும் ரத்தக்குழாயால். அது சிகிச்சையில் குறையலாம். உள்ளங்கால் எரிவதும் மரப்பதும் சர்க்கரை நரம்பைத் தின்றதால். லேசர் அதைத் தொடாது. முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாயை ஒட்டியே நரம்பு ஓடுகிறது. சூடு பட்டால் மிச்சமிருக்கும் உணர்ச்சியும் போகலாம். சிகிச்சைக்குப் பிறகு மாட்டும் இறுக்கமான காலுறை தோலைக் கிழித்தாலும் எனக்குத் தெரியாது. சிகிச்சைக்குச் சாதகமான பக்கமும் உண்டு. இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துவிட்டது. அப்படியே விட்டால் புண்ணாகி ஆறாமல் போகலாம் என்றார். எனக்குப் பிடிக்காத பேச்சுதான், ஆனாலும் எழுதிக்கொண்டேன். உன்னைப் போல் எதையும் விட்டுவிடவில்லை.

ஆகவே சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் தேதி வேண்டாம் என்கிறேன். முதலில் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று பார்க்கட்டும், சர்க்கரையும் குறையட்டும். அதன்பின், நரம்பு ஒட்டி ஓடாத இடது தொடையில் மட்டும் லேசர். அதையும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்பவள் நான்.

இனி ஆக வேண்டியதைக் கேள். கடிதம் கிடைத்ததும் அந்த மருத்துவமனையை அழைத்து, எழுதியது தவறு என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். உன் மனைவி மி-ரானைப் பேசச் சொல்லாதே. அவள் வாங்கி அனுப்பிய இறுக்கமான காலுறையை, மருத்துவர் அளந்து பார்க்கும்வரை நான் மாட்ட மாட்டேன். அவள் வருத்தப்படாமல் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு நான் போய்க்கொள்கிறேன். படிவத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்திடுவேன். முழங்கால் மடங்காததால் உள்ளங்காலை என்னால் பார்க்க முடிவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் பொக்-சூன் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வேண்டியவன் நீ.

அம்மா,
ஓ மால்-சூன்