அபியைக் குந்தி எழும்ப வைக்காத அந்தச் சனிக்கிழமை

என் அன்பு ஹியோங்,

தமிழில் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். மூன்று வரிக்குள் அது கிளப் செயலாளருக்கு எழுதும் மின்னஞ்சல் மாதிரி ஆகிவிட்டது. நம் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதானே? நான் சொல்லப் போவதை இரவல் மொழியில் சொன்னால் எங்காவது வழுக்கித் தப்பிவிடுவேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பெண்கள் கால்பந்து அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கவில்லை. கடைசி ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். வெற்றிக் கோலை அடித்தது என் தங்கை மகள் அபிராமி. இந்நேரம் இரண்டு கையையும் தூக்கியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கையை இறக்குங்கள்.

ரானுயிப் புறநகரில் என் வீட்டுக் குளியலறைக்கு டைல் பதிக்க வந்தீர்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா? இடது முழங்காலுக்கு மட்டும் இரண்டு மடங்கு தடித்த உறை கட்டியிருந்தீர்கள். பெயரைக் கேட்கும் முன் வயதைக் கேட்டீர்கள். எங்கள் ஆட்களும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது புதிதாக இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்றதும், "அப்ப நான் ஹியோங், அண்ணன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த டைலை எடுத்தீர்கள். தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது, என் வீட்டுத் தரையில் முழங்காலில் நிற்கும் மனிதர் ஒரு காலத்தில் கொரியாவில் ஒன்பதாம் இலக்கச் சட்டையோடு கோல் அடித்துத் தள்ளியவர் என்று.

அந்தக் கதையை நீங்கள் ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. துறைமுக ஊர் ஒன்றின் பள்ளி அணி, பிறகு ஒரு தொழிற்சாலை அணி, பிறகு பெரிய மைதானங்கள். இருபத்தாறு வயதில் ஒரு அரையிறுதி ஆட்டம். முதல் நாளே முழங்கால் வீங்கிப் போயிருந்தது. பயிற்சியாளர் வந்து "முடியுமா?" என்று கேட்டார்.

"அது கேள்வியே இல்லை, தம்பி. எங்கள் ஊரில் பெரியவர் கேட்டால் ஒரே பதில்தான். நான் குனிந்து, முடியும் என்றேன்."

ஊசி போட்டு இறக்கினார்கள். அன்று இரண்டு கோல் அடித்தீர்கள். அதன் பிறகு ஒரு முழு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டு வருடம் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் இருந்துவிட்டு விமானம் ஏறினீர்கள்.

அதனால்தான் இங்கே பயிற்சியாளரானதும் யாரிடமும் "முடியுமா" என்று நீங்கள் கேட்டதே இல்லை. விழுந்தவள் எவளானாலும் கோட்டோரத்துக்கு வர வேண்டும், மூன்று தரம் குந்தி எழும்ப வேண்டும். நீங்கள் காலைப் பார்க்க மாட்டீர்கள், முகத்தைப் பார்ப்பீர்கள். கண்ணோரம் சுருங்கினால் வெளியே. "இதை நாங்கள் பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு செய்வோம்" என்று நான் வாய் தவறிச் சொல்லப் போய், அடுத்த வாரமே அணி முழுவதும் காதைப் பிடிக்கத் தொடங்கியது. அதற்குப் பெயரே "பிள்ளையார்" ஆகிவிட்டது. எதிரணிகள் சிரித்தன. உங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

பெப்ரவரியில், பயிற்சி தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, உங்கள் இதயம் நின்றுவிட்டது. என்ன அவசரம் உங்களுக்கு? உங்களுக்கு உதவியாகக் கூம்புகளை அடுக்கி, வருகைத் தாள் எழுதிக்கொண்டிருந்த என்னைக் கிளப்பில் பயிற்சியாளர் என்றார்கள். எல்லர்ஸ்லியில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து ரயில் பிடித்து ஓடி வந்து, உங்கள் விசிலை ஊதினேன். தோற்றோம், பிறகும் தோற்றோம். நீங்கள் கட்டி எழுப்பிய அணி என் கையில் இறங்கிப் போகிறதே என்று எனக்கு உறக்கமே இல்லை.

கடைசி ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டும். சமன் செய்தாலும் இறக்கம்தான். காற்றும் தூறலும், கோல் வாயில் முழுக்கச் சேறு. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் பதினாறு நிமிடம் இருந்தபோது அபி பந்துக்காகத் துள்ளி, இறங்கும்போது வலது கால் சேற்றில் புதைய, உடம்பு மட்டும் திரும்பியது. நான் கண்டேன் ஹியோங். பதினைந்து அடி தூரத்தில் நின்று கண்டேன்.

அவள் எழும்பினாள். இரண்டு அடி வைத்தாள், மூன்றாவதை வைக்க யோசித்தாள். அணித்தலைவி மெரே என்னைப் பார்த்துக் கத்தினாள்: "கோச், பிள்ளையார்! பிள்ளையார்!"

எனக்குக் கேட்டது. காற்றில் கேட்காதவன் மாதிரி நின்றேன். குந்த வைத்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். மாற்றாக இறக்க இருந்த பெண் அந்தப் பருவம் முழுக்க ஒரு கோலும் அடிக்கவில்லை.

"ஏலுமே பிள்ளை?" என்று கேட்டேன், முடியுமா என்று.

"ஓம் மாமா, ஏலும்."

இந்த நாட்டில் பிறந்த பிள்ளை அவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும், பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அன்று தமிழில் சொன்னாள். அதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டாமா? எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நடுவருக்குக் கை காட்டினேன், ஆட்டம் தொடரலாம் என்று.

முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் இடப்பக்கத்திலிருந்து பந்து வந்தது. அந்தக் காலை ஊன்றி மற்றக் காலால் அடித்தாள். கோல். எல்லோரும் ஓடிப்போய் அவள்மேல் விழுந்தார்கள். நானும் ஓடினேன், கத்திக்கொண்டு. பாதி வழியில்தான் உணர்ந்தேன், கீழேயிருந்து வருவது சந்தோஷச் சத்தம் இல்லை.

முழங்கால் சவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை, பிறகு ஒரு வருடம். திரும்ப ஆடுவாளா என்பதற்கு மருத்துவர் நேராகப் பதில் சொல்லவில்லை.

வைத்தியசாலையில் என் தங்கை சுகந்தி கேட்டாள், "அண்ணா, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள், என்ன நடந்தது?"

"கோல் அடிக்கேக்க பிரண்டு போச்சு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர் அபியிடம், இதற்கு முன் அதே ஆட்டத்தில் அடிபட்டதா என்று கேட்டார். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். இல்லை என்றாள்.

எட்டு நாள் அந்த "இல்லை"யோடு இருந்தேன். கிளப்பில் தோளில் தட்டினார்கள். அடுத்த பருவத்துக்கும் நீயே இரு என்றார்கள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் உங்கள் பழைய பயிற்சியாளரைப் பற்றியே யோசித்தேன். அந்த ஆளை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? நீங்கள் திட்டியதே இல்லை. "அவருக்கும் வெல்ல வேண்டியிருந்தது" என்பீர்கள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நேற்று ஞாயிறு பிற்பகல் தங்கை வீட்டுக்குப் போனேன். அபி சோபாவில் காலை நீட்டியிருந்தாள். சுகந்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"கால் முதலே பிரண்டது, சுகந்தி. நான் கண்டனான். குந்த வைச்சா வெளியில எடுக்கவேண்டி வரும் எண்டுதான் வைக்கேல்லை."

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "அவள் உங்களுக்கு மாட்டன் எண்டு சொல்ல மாட்டாள் எண்டு தெரிஞ்சுதானே கேட்டனீங்கள்?"

"ஓம்."

அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். எட்டு நாளாக எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள்.

அபி ஆங்கிலத்தில் சொன்னாள்: "எனக்குத் தெரியும் மாமா. மெரே கத்தினது உங்களுக்குக் கேட்டது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள்."

"பிறகேன் டொக்டரிட்ட இல்லை எண்டனீ?"

"நீங்கள் பக்கத்தில் நின்றீர்களே."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள் உங்களைப் பற்றிச் சொன்னாள்.

"கோச் என்னை வெளியே எடுத்திருப்பார். நான் அவரோடு ஒரு கிழமை கதைத்திருக்க மாட்டேன்." யோசித்துத் திருத்தினாள். "ஒரு மாதம்." பிறகு அழத் தொடங்கினாள். கால் அடிபட்ட நாளில்கூட இப்படி அழவில்லை.

இன்று காலை கிளப் குழுவுக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். என்னை வைத்திருப்பதா விடுவதா என்பது அவர்கள் பாடு. சுகந்தி இன்னும் என் அழைப்பை எடுக்கவில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அபியோடு நானும் போகிறேன், அவள் வரச் சொன்னால்.

உங்களுக்கு ஒரு வாக்கு, ஹியோங். எந்த மைதானமானாலும், நான் நிற்கும் கோட்டோரத்தில் இனி எந்தப் பிள்ளையிடமும் ஏலுமா என்று கேட்க மாட்டேன். நானே வெளியே எடுப்பேன். என்னைத் திட்டட்டும். ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருக்கட்டும். தன் இரண்டு காலிலும் என்னைத் தாண்டி நடந்து போய், கதைக்காமல் இருக்கட்டும்.

உங்களுக்கு நான்கு வயது இளைய தம்பி,
குகன்