பொன்னுருக்கு அன்று கடைசி ஆட்டம்

செப்ரெம்பர் 1, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இந்த நாட்டுத் தொழிலாளர் தின விடுமுறை. கராஜ் கழுவல். சனிக்கிழமை மகன் கவினுக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தானே, அதனால் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு முப்பது பேர். கல்யாணம் அதற்கு அடுத்த கிழமை, ஞாயிறு 14.

செய்ய வேண்டியவை:
- புகை அலாரத்துக்குப் பொலித்தீன் பை கட்ட
- மடக்குக் கதிரை இருபது, கோயிலில் கேட்க
- நாளை பள்ளிக்கூடம் தொடக்கம், நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸுக்கு ரூட் புதிது. ஒரு தரம் ஓடிப் பார்க்க
- பட்டு வேட்டி எங்கே?

பதினொரு மணிக்கு இங்கிலாந்திலிருந்து அண்ணையின் செய்தி. எங்கள் அணியின் இந்தப் பருவத்துக் கடைசி ஆட்டத்தை ஞாயிறிலிருந்து சனிக்கு மாற்றிவிட்டார்களாம், தொலைக்காட்சிக்காக. அங்கே பிற்பகல் மூன்று, இங்கே காலை பத்து. பொன்னுருக்கு நேரம் 10.12 முதல் 11.05 வரை.

எனக்கு நன்றாக வேண்டும். ஐயர் தந்தது இரண்டு நேரம், சனி ஒன்று, ஞாயிறு ஒன்று. ஞாயிறு ஆட்டம் என்பதால், ஐயர் சனி மட்டும்தான் சொன்னார் என்று மனைவி வசந்தியிடம் சொன்னவன் நான். நல்ல நேரத்தில் கை வைத்தவன் யாரிடம் போய் முறையிடுவது. கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

பஸ்ஸில் நாற்பத்தொரு பிள்ளைகள். மூன்று அழுகை, ஒரு வாந்தி. எட்டு நிமிடம் பிந்தினேன்.

பஸ் நிறுத்துமிடத்தில் யோகன், மற்ற ரூட் ஓடுகிறவர், என் முகத்தைப் பார்த்து என்ன கவலை என்று கேட்டார். சொன்னேன். "உது முட்டைப் பந்துதானே அண்ணை, அமெரிக்கன் விளையாடுறது?" என்றார். அது இல்லை. பதினைந்து பேர் ஆடும் றக்பியும் இல்லை. இது றக்பி லீக். பதின்மூன்று பேர், ஆறு தரம் பிடித்து விழுத்தினால் பந்து மற்றவனுக்கு. அவருடைய கோப்பி ஆறும்வரை விளக்கினேன். கடைசியாக எப்போது கிண்ணம் வென்றீர்கள் என்று கேட்டார். நான் வாந்தி கழுவப் போய்விட்டேன்.

ஏன் இந்த அணி என்று இந்த நகரத்தில் யாருக்கும் சொல்லி விளங்காது. எண்பத்தைந்தில், பத்தொன்பது வயதில், இங்கிலாந்தின் வடக்கே அந்த ஆலை ஊரில் போய் இறங்கினேன். அண்ணைக்குப் பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை. முதல் ஞாயிறே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற கிழவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்துத் தன் பச்சை வெள்ளை மஃப்ளரைக் கழற்றிச் சுற்றிவிட்டார். திருப்பிக் கேட்கவில்லை. பிறகு எப்படி அணி மாறுவது?

தொண்ணூற்று நாலில் கலியாணம் கட்டி இங்கே வந்தேன். அண்ணை அங்கேயே. ஒவ்வொரு வருடமும் மைதானத்தில் இரண்டு சீற் எடுப்பார், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் சீற்றில் அவருடைய கோட்டும் சூப் போத்தலும் இருக்கும்.

செப்ரெம்பர் 3, புதன்

ஆறு நிமிடம் பிந்தல். முன்னேற்றம்.

வசந்தி வேட்டியைக் கண்டுபிடித்தாள். மஃப்ளரையும் கண்டுபிடித்தாள். துவைக்கப் போட்டுவிட்டாள். ராசி போகக் கூடாது என்று இந்த வருடம் முழுக்கத் துவைக்காமல் வைத்திருந்தேன். சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

கவின் ஆறுதல் சொன்னான். "அப்பா, போனிலை லைவ் ஸ்கோர் பாக்கலாம், ஜஸ்ட் மியூட் பண்ணுங்கோ." பார்க்கமாட்டேன். போன் கார்ட் காலத்து ஏற்பாடு இன்னும் அப்படியே. ஆட்டம் முடிந்ததும் அண்ணை போனில் மிஸ்ட் கோல் அடிப்பார், நான் எடுக்கமாட்டேன். ஒரு ரிங் வெற்றி. இரண்டு ரிங் தோல்வி. மூன்று, சமம். அதுவரை நான் எங்கேயும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு தரம் பொறுக்க முடியாமல் பார்த்தேன், ஐம்பது புள்ளியால் தோற்றோம்.

செப்ரெம்பர் 4, வியாழன்

மழை. வைப்பர் கிறீச்.

மத்தியானம் மச்சாள் போன் எடுத்தா, அண்ணையின் மனைவி. செவ்வாய்க்கிழமை இருவரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள், சூட்கேஸ் நிறையைப் பற்றிக் கதை. பிறகு குரல் தாழ்ந்தது.

"உம்மட அண்ணை சனிக்கிழமை லைபிரரிக்குப் போறாராம். உமக்கு ஏதும் தெரியுமோ சிவம்?"

பெப்ரவரியில் அண்ணைக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். டொக்டர் சொன்னது: பதற்றம் கூடாது, படி ஏறக்கூடாது, கத்தக்கூடாது. மூன்றும் சேர்ந்த இடம் அந்த மைதானம். இனிப் போகமாட்டேன் என்று மச்சாளின் தலையில் கை வைத்துச் சத்தியம். ஏப்ரலிலிருந்து ஒரு ஆட்டம் விடவில்லை. எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த கையோடு ரிங் வருகிறதே.

"ஓம் மச்சாள், லைபிரரிதான்," என்றேன்.

இந்த ஆட்டத்துக்காக இரண்டாவது பொய். முதல் பொய் நல்ல நேரத்தைப் பற்றியது. இது ஒரு மனிதனின் உயிரைப் பற்றியது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்ரெம்பர் 5, வெள்ளி

நேரத்துக்குப் போனேன். கதிரை வந்துவிட்டது, பதினெட்டு. இரண்டு குறைவு.

பஸ்ஸுக்குள் இருந்தபடி அண்ணைக்குப் போன் எடுத்தேன். போகாதேங்கோ என்றேன். வீட்டில் இருந்து ரிவியில் பாருங்கோ, ஆட்டத்தை மாற்றியதே அதற்காகத்தானே என்றேன். சிரித்தார். மூச்சு வாங்குகிற சிரிப்பு. சின்ன வயதிலிருந்து தெரிந்த சிரிப்பு இப்படி இருந்ததில்லை.

"நான் போகாட்டி ஆர் உனக்கு மைதானத்திலையிருந்து அடிக்கிறது?"

எனக்கு அடிக்கத் தேவையில்லை, நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். மறுபக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம். பிறகு, பொன்னுக்கு வைக்கிற நாணயத்தை முதலே மஞ்சள் தண்ணியில் கழுவி வை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆக, அவர் ஏறும் படியெல்லாம் எனக்காக. கத்துவதும் எனக்காக. நான் இங்கே சோபாவில் இருந்துகொண்டு ரிங் எண்ணுகிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

செப்ரெம்பர் 6, சனி

பிற்பகல். ஆட்கள் போய்விட்டார்கள். வரிசையாக எழுதுகிறேன்.

7.40. குளியலறைக்குள் நின்று மச்சாளுக்குச் செய்தி. 'அண்ணை லைபிரரிக்குப் போகேல்லை. கிறவுண்டுக்குப் போறார். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். மன்னியுங்கோ.' அனுப்பியதும் அண்ணையைக் காட்டிக்கொடுத்தவன் ஆனேன். படித்த அடையாளம் வந்தது. பதில் இல்லை.

9.30. அஜக்ஸிலிருந்து பெண் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்கள், 401 நெடுஞ்சாலையில் நெரிசலாம். மஃப்ளரை இடுப்பில் சுற்றி அதன் மேல் வேட்டி. மஃப்ளருக்குள் போன், அதிரும்படி வைத்து. சோப்பு வாசம் அடிக்கிற மஃப்ளர், அதுவே சகுனம் சரியில்லை.

10.00. அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். இங்கே பொன் உருக்கும் பத்தர் அடுப்பைப் பற்றவைத்தார். ஐயர் எல்லோருக்கும் கேட்க, ஞாயிறு வைத்திருந்தால் இன்னும் விசேஷம், பரவாயில்லை, இதுவும் நல்ல நேரம்தான் என்றார். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன்.

10.20. தங்க நாணயம் விளிம்பில் சுருங்கி ஒரு துளியாக உருண்டது. முப்பது பேரும் பொன்னைப் பார்க்க, நான் மட்டும் வயிற்றில் கை. வசந்தி காதருகே வந்தாள். "இஞ்சருங்கோ, பொன்னைப் பாருங்கோ. ஏன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" வாயு என்றேன். மூன்றாவது பொய்.

11.45. முடிந்திருக்கும். ரிங் இல்லை.

11.55. இல்லை. பந்தியில் பருப்புக்கறி பரிமாறினேன். ஒரே ஆளுக்கு இரண்டு தரம்.

12.05. இல்லை. இத்தனை வருடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தியதில்லை. பனியில் பிந்தவில்லை, அம்மா செத்த கிழமைகூடப் பிந்தவில்லை. ஸ்கோர் பார்க்க விரல் போனது. விரலை இழுத்துக்கொண்டேன். ஸ்கோர் யாருக்கு வேண்டும்? படியில் விழுந்திருப்பாரோ. மச்சாள் போய் வாசலில் சண்டை பிடித்து, அந்தப் பதற்றத்தில் நெஞ்சு அடைத்திருக்குமோ. சொல்லாமல் விட்டிருந்தால்? சொன்னதால்தானோ? கராஜுக்குள் போய்ப் பதினெட்டுக் கதிரையையும் மடக்கினேன், அதில் ஒன்றில் ஒரு பெரியவர் இருக்க வந்தார். விரித்துக் கொடுத்தேன்.

12.19. இடுப்பு அதிர்ந்தது. அண்ணை என்று பெயர். ஒரு ரிங். இரண்டு. மூன்று. நாலு. நாலாவதற்கு எங்களிடம் கணக்கு இல்லை. ஐந்து. எடுத்தேன். மச்சாளின் குரல்.

சிமெந்துத் தரையில், பட்டு வேட்டியோடு, இருந்துவிட்டேன்.

"சிவம், பயப்பிடாதையும். அவர் நல்லா இருக்கிறார்."

மச்சாள் ரக்ஸி பிடித்துப் போயிருக்கிறா. வீட்டுக்கு இழுத்து வரத்தான். மைதான வாசலில் நிற்கிறவர்கள், அண்ணையைத் தேடி வந்தவ என்றதும், இவவின் பெயரைச் சொல்லி வரவேற்று, தாங்களே படியேற்றி விட்டார்களாம். முப்பது வருடமாக அண்ணை அங்கே இவவைப் பற்றித்தான் கதைத்திருக்கிறார். அண்ணையைக் கண்டதும், கோட்டையும் சூப் போத்தலையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாவாம்.

"உம்மட சீற்றிலைதான் இருந்தனான். கத்தினா எழுப்பிக்கொண்டு போயிடுவன் எண்டு சொன்னனான். அவர் கத்தேல்லை. நான்தான் கத்தினனான்."

அண்ணையின் போனை மச்சாள் வாங்கிக் கைப்பைக்குள் போட்டிருந்தாவாம், அதனால்தான் பிந்தினதாம். அடுத்த வருடத்துக்கு மூன்று சீற் சொல்லியிருக்கிறார்களாம், எந்தப் பிரிவானாலும். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை, என்றாலும் மச்சாள் முந்திக்கொண்டா.

"அதை நான் சொல்லக் கூடாதாம். போனை வையும், அவர் அடிப்பார்."

வைத்தேன். கராஜ் வாசலில் வசந்தி, கையில் வாழையிலை. எவ்வளவு நேரம் நின்றாளோ.

அதிர்ந்தது. ஒரு ரிங். இரண்டாவது. நின்றது.

ஏன் சிரிக்கிறியள் என்று வசந்தி கேட்டாள்.

தோத்துப் போனம் என்றேன்.