மஞ்சுளாவுக்கு வந்த பேடா

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல். பெங்களூர் மழை நிற்காது; ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே பஸ் டிக்கெட் ஆபீஸ். செருப்பெல்லாம் சேறு. பிரிண்டர் ரோல் தீரப்போகிறது, சொல்ல வேண்டும்.

பக்கத்து கவுன்டர் மஞ்சுளாவுக்கு, ஊர் போய் வந்தவர்கள் இந்த மாதம் கொடுத்தவை:
சேலம் மாம்பழம், ஆறு.
மணப்பாறை முறுக்கு.
மதுரை மல்லி ஒரு முழம் (வாடியதுதான். ஆனாலும்).

எனக்கு: ஒருவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் என் பேனா.

அவள் சேர்ந்து எட்டு மாதம். வாரம் ஒரு டிக்கெட்டாவது தேதி மாறிப் போகும். ஒன்பது வருஷத்தில் நான் ஒரு சீட் தப்பாகப் போட்டதில்லை. வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

மர்பி டவுன் தனபால் பெரியவர். மனைவியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். பஸ் ஃபுல். மேனேஜர் பிடித்து வைத்திருந்த 3, 4-ஆம் சீட்டுகளைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தது நான். டிக்கெட் அச்சாவதற்குள் மஞ்சுளா எட்டிப் பார்த்து, பாவம் என்பதைக் கன்னடத்தில் இழுத்து, "அய்யோ பாப, அம்மாவுக்கு இன்னா பெரியவரே?"

முடிந்தது. பத்து நிமிஷம் அவளிடமே பேச்சு. கடைசியில் ஏதோ குசுகுசு. நான் போனில் இருந்தேன். கும்பிடு அவளுக்கு. எனக்கு முதுகு.

ஜூன் 13, வெள்ளி

மஞ்சுளா லீவு. நிம்மதி.

மூன்று மணிக்குத் தனபால். கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். சீ.

"மஞ்சுளாம்மா இல்லியா? அவங்க கைல குடுத்துடும்மா. அவங்களுக்குப் புரியும்." ஆட்டோ நிற்கிறது என்று ஓடிவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மொத்தம் எட்டு. ஆறு தின்றேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.

ஜூன் 14, சனி

வந்ததும் வராததுமாக மஞ்சுளா: "அக்கா, நேத்து தனபால் ஐயா வந்தாரா?"

"இல்லியே." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரிசல்ட் நல்லா வந்தா வெள்ளிக்கெழமை பேடா எடுத்துனு வரேன், வரலன்னா எதுவும் கேக்காதம்மான்னு சொல்லிட்டுப் போனாருக்கா."

அதுதான் அந்தக் குசுகுசு.

மதியம் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவில்லை. அவர் நம்பரை எடுப்பாள், வைப்பாள். "போன் பண்ணி இன்னான்னு கேக்கறது, சொல்லுங்க?" கண்ணெல்லாம் தண்ணீர்.

பார்க்க முடியவில்லை. "அழாத மஞ்சு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க" என்றேன்.

நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

"நெக்ஸ்ட்!" என்று கத்தினேன். வரிசையில் ஒருவரும் இல்லை.