பிள்ளை இருக்கிற குற்றம்

அக்கா,

காலையில் ரேஷன் அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். அந்தச் சாக்கு வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. நீ போய் இத்தனை காலமாகியும் அது ஆறவில்லை.

சிங்கவரம் பக்கத்து நெல் செஞ்சி மண்டிக்கு வந்து குவியும்போதெல்லாம், முந்தானையை மூக்கோடு கட்டிக்கொண்டு நீயும் நானும்தான் தூற்றுவோம். உன் முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனபோது, முதியோர் பென்ஷனுக்கு மனு போடலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆபீசில் இருந்தவர் உன் முட்டியைப் பார்க்கவேயில்லை. மகன் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான், சென்னையில் கட்டட வேலை என்றாய். அப்படியானால் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனுவைத் தள்ளிவிட்டார். வெளியே மரத்தடியில் மனு எழுதுகிறவர் வழி சொன்னார்: "செத்துட்டான்னு சொல்லிடும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

"என் வாயால அத சொல்லணுமா? போய்யா" என்று விடுவிடுவென நடந்துவிட்டாய். அந்த முட்டியோடு!

மகன் உன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது நிஜம்தான். எப்படிப் பார்ப்பான்? அந்த வேலையிலேயே சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். உனக்குக் கிடைத்த ரேஷன் அரிசியில் பாதியை மூட்டை கட்டி, சென்னை பஸ் கண்டக்டரிடம் நீதான் கொடுத்தனுப்புவாய். அவன் உனக்குச் சோறு போட வேண்டுமாம். எந்தக் கண்ணால் பார்த்து இப்படி ஒரு விதி எழுதினார்களோ!

ரேஷன் கடையில் யாரும் மகனைக் கேட்பதில்லை. கார்டு இருந்தால் அரிசி. அதை வாங்க யாரும் தலை குனிவதில்லை. பென்ஷனுக்கு மட்டும் ஏன் அனாதை என்று அழுது காட்ட வேண்டும்? சும்மா கொடுத்துக் கொடுத்துத்தான் ஜனங்கள் கெட்டுவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒருவர் நியாயம் பேசினார். யார் சும்மா இருந்தது? அவர் தின்கிற நெல்லில் பதர் போக்கியது யார்?

கடைசிவரை மண்டிக்கு வந்தாய். முறத்தைப் பிடித்தபடியே சாய்ந்தாய். உன் மகனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உயிரோடு இருந்தபோது கவனிக்காதவன் இப்போது அழுகிறான் என்று யாரோ முனகினார்கள். வாயை மூடு என்று அங்கேயே கத்தினேன்.

இப்போது என் முறை, அக்கா. நேற்று என் மனுவை விசாரிக்க ஆள் வந்தார். என் மகன் திருப்பூரில் கூலிக்குப் போகிறான். வந்தவர் நல்ல மனிதர்தான். பிள்ளை இல்லை என்று போட்டுவிடட்டுமா என்று அவரே மெதுவாகக் கேட்டார். அந்த இரக்கம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இருக்கான் சார். அவன எதுக்குக் கேக்குறீங்க? எனக்கு வயசாயிடுச்சா, மொறம் புடிக்க முடியுதா, அத கேளுங்க."

மகன் உண்டு என்றே எழுதிக்கொண்டு போனார். பென்ஷன் வராது என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு லோடு இறங்குகிறது, மண்டிக்குப் போக வேண்டும். எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும். உயிரோடு இருக்கிற பிள்ளையை நானும் சாகடிக்கவில்லை.